ஒன்பதாவது கேள்வி

ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள். எங்கள் துறையில் அதற்கு ஒரு பதவியே உண்டாக்கினார்கள். பெயர் மட்டும் கௌரவமாக ‘அணுகல் சோதனையாளர்’ என்று வைத்தார்கள்.

கதை இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான துறை எங்களுடையது. எங்கள் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளால் மட்டும்தான் பயன்படுத்த முடியவில்லை, மற்ற எல்லோராலும் முடிந்தது. மேலிடத்திலிருந்து காட்டமாக ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் தளத்தைச் சரிசெய்ய வேண்டும். தணிக்கைக் குழுவின் முன்னால் கண் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, அவர் கையாலேயே விண்ணப்பம் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் சான்றிதழ், இல்லையென்றால் விசாரணை. தளத்துக்குத் திட்டப் பொறுப்பாளர் நான். இயக்குநர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார்ல?” என்று என்னிடம் கேட்டார். வீட்டில் ஏணி இருக்கிறதா என்று கேட்கிற தோரணை.

இருந்தான். என் மனைவியின் தம்பி. பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது, இப்போது முப்பத்திரண்டு. பதின்மூன்று வருடமாக எங்கள் பின்னறையில்தான் இருந்தான். நல்லவன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்லவனோடு பதின்மூன்று வருடம் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்டு பாருங்கள், அப்புறம் பேசுங்கள். சோப்பு ஓர் அங்குலம் நகர்ந்திருந்தாலும் யார் நகர்த்தியது என்று கேட்பான்.

முதலில் ஆறு மாத ஒப்பந்தம். தளத்துக்குச் சான்றிதழ் கிடைத்தால், பார்வையற்றோருக்கான ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை, கூடவே அரசுக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு. இயக்குநர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். வீட்டில் போய்ச் சொன்னதும் மனைவி அழுதாள். அவன், “எனக்குன்னு தனியா ஒரு கதவு. நான் உள்ள போய்ப் பூட்டிக்கலாம். இல்ல மாமா?” என்றான். எனக்கும் சந்தோஷம்தான். அது முழுக்க அவனுக்காக வந்த சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே நாற்பத்தொரு குறைகளைச் சொன்னான். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஒரு குரலை அவனுடைய கணினியில் போட்டிருந்தோம். அது எங்கள் தளத்தில் நுழைந்ததும் திக்கித் திணறியது. எந்தப் படத்தின் மேல் போனாலும் ‘படம்’ என்றது. பிறந்த தேதிக்கான காலண்டரில் வாயே திறக்கவில்லை. கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் இடம் வந்தபோது அவன் சிரித்துவிட்டான்.

“நான் மனுஷன்தான்னு நிரூபிக்கச் சொல்லுது மாமா. அதுக்குக் கண்ணு வேணுமாம்.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று இயக்குநர் முணுமுணுத்தார், அவனுக்குக் கேட்கிற சத்தத்தில். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு ‘நாற்பத்தொண்ணு’ என்று பெயர் விழுந்தது. நாற்பத்தொண்ணு வந்தாச்சா, நாற்பத்தொண்ணுக்கு டீ கொடுத்தாச்சா. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “ஒண்ணு ஒண்ணா சரியாகும்போது பேரையும் குறைச்சுக்கிட்டே வருவீங்களா?” என்று மட்டும் கேட்டான்.

தளத்தை எழுதும் ஒப்பந்தக்காரன் ஒருவன் இருந்தான். எதைக் கேட்டாலும் “ஆச்சு சார்” என்பான், அதனால் அவனுக்குப் பெயரே ‘ஆச்சு சார்’. குழு வர ஆறு நாள் இருந்தபோது நாற்பத்தொன்றில் இருபத்து மூன்றுக்கு மேல் ஆகவில்லை. மற்றதையெல்லாம் எப்படியாவது மெழுகிவிடலாம். ஒன்பதாவது கேள்விதான் கழுத்தைப் பிடித்தது. அதில் இரண்டு வட்டங்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே போனால் குரல் ‘பொத்தான்’ என்றது. நகர்ந்தால் மறுபடியும் ‘பொத்தான்’ என்றது. கேள்வி என்ன, பதில் என்ன, எதுவும் சொல்லாது.

“அந்தப் பக்கம் எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது சார். தொட்டா மொத்தமும் விழுந்துடும்” என்றான் ஆச்சு சார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதேதான். அவன் கண் தெரியாதவன், ஆனால் மறதி என்பதே தெரியாதவன். குரல் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிட்டால் போயிற்று.

எங்கள் சாப்பாட்டு மேசையில் விசைப்பலகையை வைத்து ஆறு நாள் சொல்லிக் கொடுத்தேன். டேப் நான்கு, பெயர். டேப் இரண்டு, ஸ்பேஸ், தேதி. டேப் மூன்று, கீழ் அம்பு ஐந்து, என்டர். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அவன் விரல் ஓடியது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பதின்மூன்று வருடத்தில் நானும் அவனும் ஒரே மேசையில் இத்தனை நேரம் உட்கார்ந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் அவன் கையை எடுத்தான்.

“மாமா, இது சோதனை இல்ல. மனப்பாடம்.”

“அதுக்கென்ன?”

“நான் பாஸ் பண்ணுவேன். தளம் பாஸ் பண்ணாது. நாளைக்கு வேற ஒருத்தர் வீட்டுல தனியா உட்கார்ந்து இதைத் திறந்தா, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கும்.”

“ஊரான் கவலையெல்லாம் உனக்கு எதுக்குடா? உனக்கு அந்த வீடு வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு” என்றேன்.

கடுமையாகத்தான் சொன்னேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் முகம் தொங்கிப்போனது. விரலை மறுபடி முதல் பொத்தானில் வைத்தான். வாசலைக் கண்டவன் திரும்பிப் போவானா? அது தெரிந்துதான் நான் அப்படிக் கேட்டேன்.

ஒன்பதாவது கேள்வி வந்தபோது, “இதுல என்ன மாமா கேக்குது?” என்றான்.

“ஏதோ உறுதிமொழி. முதல் பொத்தான்ல ஸ்பேஸ் அடிச்சுட்டு வா, நேரமாகுது.”

படித்துச் சொல்ல மூன்று வினாடி ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. பயிற்சிக்காக ஒரு பொய்ப் பெயரில் போடுகிற விண்ணப்பம்தானே, எதை அழுத்தினால் என்ன என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். பெரிய திரையில் அவன் செய்வதெல்லாம் தெரியும்படி வைத்திருந்தோம். இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து, நான்கு நிமிடம் பத்து வினாடியில் முடித்தான். குழுத் தலைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்தவர், “பாவம், எவ்ளோ அழகா பண்றார் பாருங்க” என்று காதோடு சொன்னார். ஒன்பதாவது கேள்வி திரையில் சுவர் அகலத்துக்குத் தெரிந்தது: ‘தங்கள் பார்வைக் குறைபாடு முழுமையாக நீங்கிவிட்டதா?’ ஆம் என்ற வட்டத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தது. கண் தெரிந்தவர்கள் எட்டுப் பேர் அந்த அறையில் இருந்தோம். மற்ற ஏழு பேரும் படிக்கவில்லை. நான் படித்தேன், படித்துவிட்டுக் கை தட்டினேன்.

சான்றிதழோடு ஒரு வாக்குமூலமும் சேர்த்தார்கள். ‘யாருடைய உதவியும் இன்றி, ஒவ்வொரு கேள்வியையும் முழுமையாகப் புரிந்துகொண்டு நிரப்பினேன்.’ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவன் விரலைப் பிடித்து நான்தான் வைத்தேன். அதற்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்து.

வாக்குத் தவறாமல் வேலை வந்தது, வீடும் வந்தது. அறை ஒன்று, சமையலறை ஒன்று, சின்னதாக ஒரு முற்றம். கதவிலிருந்து அடுப்பு வரை ஏழு தப்படி என்று முதல் நாளே அளந்துவிட்டான். அக்காள் ஜன்னலுக்குத் திரை வாங்கிக்கொண்டு போனாள். “இது எனக்கா, எதிர் வீட்டுக்காரங்களுக்கா?” என்று கேட்டுச் சிரித்தான். நாங்கள் கிளம்பும்போது எங்களை வெளியே விட்டு, உள்ளே தாழ் போட்டான். தெருமுனைக்கு நாங்கள் போவதற்குள் தாழை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

தளம் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று சான்றிதழே சொல்லிவிட்டதால், காகித விண்ணப்பம் வாங்கும் கவுண்டர்களை மூடினோம். அடுத்த மாதம் ஆண்டு அறிவிப்பு மாதம். எங்கள் துறையில் பதிந்த ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை, இன்னும் குறைபாடு இருக்கிறது என்று அதே படிவத்தில் அறிவிக்க வேண்டும். போன கை இந்த வருடமாவது முளைத்ததா என்று வருடா வருடம் விசாரிக்கிற அக்கறையான துறை. அவன் முதல் நாள் காலையிலேயே தன் மேசையிலிருந்தே போட்டுவிட்டான்.

“மூணு நிமிஷம் அம்பத்தஞ்சு மாமா. என் ரெக்கார்டை நானே முறிச்சுட்டேன்” என்றான்.

பெயரும் பதிவு எண்ணும் மட்டும் தன்னுடையதைப் போட்டிருந்தான். மற்றதெல்லாம் விரல் பழகிய பாதை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கூட்டத்தில் இயக்குநர் ஒரு தாளை உயர்த்திப் பிடித்தார். இந்த மாதம் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பார்வைக் குறைபாடு முழுமையாக நீங்கியிருக்கிறதாம். போன வருடம் முழுக்க நான்கு பேர். “துறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படி ஒரு முன்னேற்றம் இல்ல” என்றார். அந்த மனிதர் முட்டாள் இல்லை. முகத்தில் ஒரு கோடு கூட அசையாமல் சொன்னார். ஆச்சு சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அன்றைக்கு ஒரு தடவை கூட ‘ஆச்சு’ என்று சொல்லவில்லை. தொலைபேசியில் அழைத்துக் கதறியவர்களுக்கு நாங்கள் ஏற்கனவே ஒரு பதில் வைத்திருந்தோம்: எங்க சோதனையாளருக்கும் கண் தெரியாது, அவர் நாலு நிமிஷத்துல போட்டார், உங்களுக்கு மட்டும் என்ன?

பட்டியல் கைமாறி என்னிடம் வந்தது. இருபத்தேழாவது என் மைத்துனனின் பதிவு எண். அந்த அறையில் ஒருவன் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை, அவன் மேல்தான் வந்தது. அவசரக்குடுக்கை, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று. அவன் கேட்டான், நான் சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பார்வையுள்ளவருக்கு ஒதுக்கீட்டில் இடமில்லை என்று வேலை ரத்தாயிற்று. வேலையோடு வீடும் போனது. மருத்துவக் குழுவிடம் போய்க் கண்ணைக் காட்டலாம் என்று பார்த்தால், அதற்கும் தளத்தில்தான் நேரம் வாங்க வேண்டும். குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பக்கம் திறக்கும். அவனுக்குத் திறக்கவில்லை. மறுபரிசீலனை மனு ஒன்றுதான் மிச்சம். அதைப் போட்டான். மனுவில் திட்டப் பொறுப்பாளர் குறிப்பு எழுத வேண்டும் என்று விதி: ‘தளத்தின் கோளாறால் தவறு நேர்ந்திருக்க வாய்ப்புண்டா?’ கோப்பு என் மேசைக்கு வந்தது. உண்டு என்று எழுதினால் வேலையும் வீடும் அவனுக்குத் திரும்பிவிடும்.

அவன் பழையபடி எங்கள் பின்னறைக்கு வந்திருந்தான். அன்று மாலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஒரே ஒரு வரி எழுதுங்க மாமா. அந்தக் கேள்வியைக் குரல் படிக்காது, நான் மனப்பாடமாத்தான் பண்ணேன்னு. என்னைத் திருட்டுப்பயன்னு திட்டி எழுதினாலும் பரவால்ல.”

“எழுதறேன்டா.”

“அன்னைக்குக் கேட்டேனே, என்ன கேக்குதுன்னு. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். சொல்ல மறந்துட்டேன்.”

“சரி” என்றான். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“உண்டுன்னு எழுதினீங்கன்னா சான்றிதழ் போச்சு. போனா விசாரணை. அந்த வாக்குமூலத்துக்குக் கீழ யாரு கையெழுத்து இருக்கு?”

“என்னுது சார்.”

“அவரு உங்க வீட்டுலயே இருந்துக்கலாம், பதிமூணு வருஷம் இருந்தவர்தானே. நீங்க யாரு வீட்டுக்குப் போவீங்க?”

நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை, கை தானாகப் போனது.

பிறகு என் மேசைக்கு வந்து எழுதினேன். ‘மனுதாரர் தணிக்கைக் குழுவின் முன்னிலையில் இதே படிவத்தை நான்கு நிமிடம் பத்து வினாடியில், யாருடைய உதவியும் இன்றி, ஒவ்வொரு கேள்வியையும் முழுமையாகப் புரிந்துகொண்டு நிரப்பிக் காட்டியவர். எனவே அவர் தவறுதலாகத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பில்லை.’ திரும்பப் படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாதபடி கச்சிதமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்கிறார்கள். அலுவலகத் தாளில் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

வீட்டில் கேட்டான். “எழுதிட்டேன், இனி மேலிடம்தான் முடிவு பண்ணணும்” என்றேன். என் மனைவி அன்றைக்கு எனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் மாலை நான் வீடு திரும்பியபோது கடிதம் வந்திருந்தது. அச்சடித்த தாள். பார்வை திரும்பியவருக்கு எதற்குக் குரலில் அனுப்புவார்கள்? அவன் உறையைத் தடவிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்து, என்னிடம் நீட்டினான். முகம் குளித்த பிள்ளை முகம் மாதிரி இருந்தது. “படிங்க மாமா” என்றான்.

நான் படித்தேன். மனு தள்ளுபடி. ‘தாங்கள் பார்வை பெற்றமைக்குத் துறையின் மனமார்ந்த வாழ்த்துகள்.’ அவன் உதட்டோரம் லேசாகச் சுளித்தது. அடுத்த பத்தியில் காரணம் காட்டியிருந்தார்கள், அது என் குறிப்பு, ஒரு சொல் மாறாமல். குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டு, கீழே இருந்த என் கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டு, அதையும் படித்தேன். வேறு வழி தெரியவில்லை. ‘துறை வழங்கிய நடைக்கோலை ஒன்பதாம் தேதிக்குள் திட்டப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கவும்’ என்பதோடு கடிதம் முடிந்தது.

அவன் கை நீட்டித் தாளின் கீழ் ஓரத்தைத் தொட்டான். பிறகு கேட்டான்.

“அந்தக் குறிப்பு யார் எழுதினது மாமா? கீழ யாரு கையெழுத்துன்னு போட்டிருக்கும்.”

“இயக்குநர்” என்றேன்.

அவ்வளவு லேசாக வந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணைக்கூட நான் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டிய அவசியம்தான் அவனோடு எப்போதும் இல்லையே.

என் மனைவி எப்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது. என் தோளுக்கு மேலாகக் கை நீண்டு வந்து தாளை வாங்கியது. அவள் கடைசி வரி வரை படித்தாள்.

“மாமா கையெழுத்துடா” என்றாள். அவள் குரல் உயரவில்லை, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். ஏதோ இடறி விழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். அவன் கோலை நான்காக மடித்து, ரப்பர் வளையத்தை மாட்டி எடுத்துக்கொண்டு வந்தான். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து நீட்டினான்.

“இந்தாங்க மாமா. ஒப்படைச்சுட்டேன்னு எழுதிக்குங்க.”

நாற்காலியில் யாருமில்லை. அதை அவனுக்குச் சொல்ல என் மனைவி வாயைத் திறக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கே போய் அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதுகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஒன்பதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

நான் ஜன்னலிலிருந்து நடந்து வந்து அதை வாங்கிக்கொண்டேன்.